பாறையில் ஒட்டிய மெழுகு

பல தலைமுறையாகத் தேனைப் பறித்துத் தின்ற கரடி, மலையை விட்டுப் போகும்போது, "இது வறண்ட மலை. இங்கே எப்போதுமே ஒன்றும் விளைந்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போனது. தேனீக்களும் அதை நம்பித் தலைகுனிந்தன.

செம்பி என்ற தேனீ மட்டும் நம்பவில்லை. கரடி பிய்த்தெறிந்த கூடுகளின் மெழுகுத் தடங்களை அது பாறையில் அளக்கத் தொடங்கியது.

"தேனே இல்லை, எதை அளக்கிறாய்?" என்று கேட்டது அதன் தோழி மினுக்கி.

"கூடு இவ்வளவு அகலம் என்றால் தேன் எவ்வளவு இருந்திருக்கும்? அந்தக் கூடுகளில் வளர்ந்த பிள்ளைகள் குடித்ததையும் சேர்த்துக்கொள்."

"கணக்கு தப்பிவிட்டால்?"

"கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒன்றுமே இல்லை என்று மட்டும் ஆகாது."

இரண்டும் அளந்துகொண்டே உச்சிவரை போயின. தடமில்லாத இடமே இல்லை.

மினுக்கி அங்கிருந்தே கூவியது: "எல்லாரும் வந்து பாருங்கள்! நம் அம்மாக்கள் இந்த மலையையே தேனால் மூடியிருக்கிறார்கள்!"