நாற்பது கைகள்

மாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்துவிட்டால் கல்லும் கைதட்டும். அப்படித்தான் அவரே சொல்லிக்கொள்வார்.

ஆனால் இன்று அவருக்கே உள்ளங்கை வியர்த்தது. எதிரே புதிதாகச் சேர்ந்த நாற்பது பேர். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு பெரிய சார். "கிளாஸ் நல்லபடியா முடியட்டும். நீ வீட்டுக்குப் போக நானே சிபாரிசு பண்றேன்" என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மாஸ்டருக்கு வீட்டு ஏக்கம் தாங்கவில்லை. போன வாரம் பார்க்க வந்த மனைவி மூக்கைச் சிந்தினாள். "உங்க வாய் சம்பாதிச்சது போதும், வந்து சேருங்க. சின்னது உங்களை அங்கிள்னு கூப்பிடப் போகுது பாருங்க."

அவர் திரையில் ஆப்பைத் திறந்தார்.

"நெட்வொர்க் மார்க்கெட்டிங்ல ஆளைச் சேர்க்கிறது பெரிசில்லை, தம்பிங்களா. சேர்த்த ஆளை நழுவ விடாம வச்சிருக்கணும். அதுக்குத்தான் இந்த ஆப். உச்சியில நீங்க. கீழ உங்க டீம். பச்சைப் புள்ளின்னா ஆள் ஓடுறான். சிவப்புன்னா படுத்துட்டான்."

"படுத்தவனை எப்படி எழுப்புறது, மாஸ்டர்?" என்றாள் முன்வரிசைப் பெண்.

"இந்த மணியை அமுக்கும்மா. 'நீங்க இல்லாம டீமே வெறிச்சோடிக் கிடக்கு'ன்னு மெசேஜ் போகும். நீ தூங்கினாலும் ஆப் தானா அனுப்பும். அழுதுக்கிட்டே திரும்பி வருவான்."

வகுப்பு சிரித்தது.

"உங்க டீம்ல எத்தனை பேர், மாஸ்டர்?"

"உட்கார வைக்க இந்த மாதிரி ஹால் பத்து வேணும். அவங்கள்ல ஒருத்தர்கூட இன்னைக்கு வரைக்கும் என்னை மறக்கலை."

அவ்வளவுதான், பழைய உற்சாகம் தொற்றிக்கொண்டது. சித்தப்பாவிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது, "யோசிச்சுச் சொல்றேன்" என்று நழுவும் மச்சானுக்கு எந்த வீடியோவை எப்போது அனுப்புவது என்று ஒவ்வொரு பட்டனாக அமுக்கிக் காட்டினார். கடைசியில் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் அது சுத்தமாக மறந்துபோனது.

நேரம் முடிந்ததும் பெரிய சார் எழுந்து முன்னால் வந்தார்.

"சரி. இவர் கூப்பிட்டா யார் யார் சேருவீங்க? பயப்படாம, மனசுல பட்டதைச் சொல்லுங்க."

நாற்பது பேரும் கை தூக்கினார்கள். முன்வரிசைப் பெண் இரண்டு கைகளையும் தூக்கியிருந்தாள்.

வேறு எந்த ஹாலாக இருந்தாலும் மாஸ்டர் துள்ளிக் குதித்திருப்பார். இன்று மைக்கை மெல்ல மேசையில் வைத்துவிட்டு ஓரமாக நகர்ந்தார்.

பெரிய சார் தலையில் அடித்துக்கொண்டார். "எப்படியெல்லாம் ஏமாத்துவாங்கன்னு சொல்லிக்குடுத்து எச்சரிக்கை பண்ணுய்யான்னா, புதுசா வந்த என் போலீஸ் பசங்களையே பிடிச்சுட்டியே! தண்டனையைக் குறைக்கச் சிபாரிசும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஏட்டய்யா, இந்த ஆளை மறுபடியும் ஜெயில்ல கொண்டுபோய் விடுங்க!"

விலங்கை மாட்டிய ஏட்டு, சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, மாஸ்டரின் காதோரம் குனிந்து கேட்டார்: "அண்ணே, என் வீட்டுக்காரி பக்கம் மட்டுமே ஏழு பேர் தேறுவாங்க. எப்போ ஆரம்பிக்கலாம்?"