தானாக நிற்கும் எஞ்சின்

“அண்ணன், இதை ஒண்டில் பறக்க விடுங்க, இல்லாட்டி வாவிக்குள்ள வீசுங்க. ரெண்டில ஒண்டு இண்டைக்குத் தெரியவேணும்.”

வேலியோரம் நின்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போன கேதீஸ்வரி, அன்று படலையைத் தள்ளிக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு செபஸ்தியாம்பிள்ளை மாமரத்தடி மேசையிலிருந்து நிமிர்ந்தார். நாற்பத்தைந்து வயது, காதோரம் நரை. மேசையில் ஒரு விளையாட்டு விமானத்தின் மூக்கு மட்டும் தெரிந்தது, மிச்சத்தைச் சாக்கு மூடியிருந்தது. அந்த மூக்கில் கைக்குள் அடங்கும் ஒரு பெற்றோல் எஞ்சின். பார்த்தால் பாவம்போல இருக்கும், ஸ்டார்ட் பண்ணினால் ஊரையே தூக்கும்.

“இருங்க தங்கச்சி” என்றார்.

“இருக்க வரல்ல. உங்கட சத்தம் கேட்டா அம்மா கட்டிலுக்குக் கீழ போயிடுறா. சண்டை நேரம் மேல பிளேன் இரைஞ்சா எங்களையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள ஓடினவ. இப்ப ஓடப் பங்கரும் இல்ல. வாழைச்சேனைக்குப் பெரியம்மாட்டப் போறன் எண்டு உடுப்பெல்லாம் கட்டி வைச்சிட்டா.”

அம்மா போய்விட்டால் அது என்ன வீடு?

செபஸ்தியாம்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். “நீங்க சத்தம் எண்டுதான் சொன்னீங்க. அம்மா பயப்பிடுறது எனக்குத் தெரியா தங்கச்சி. சத்தியமாத் தெரியா.”

“நீங்க வந்து நாலு மாசம். பின்னேரம் ஐஞ்சு மணியானா ஸ்டார்ட் பண்ணுறீங்க, நிப்பாட்டுறீங்க. ஒருநாளாவது இது பறந்ததா?”

“தானா நிக்குது. அதுதான் பிரச்சினை. ஒரு நிமிசம் ஓடுது, பிறகு தன்ட பாட்டில அணைஞ்சிடுது.”

அந்தக் கோபத்திலும் கேதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. வவுணதீவில் வயலுக்கு மருந்தடிக்கும் மெசின்களும் தண்ணீர்ப் பம்புகளும் திருத்துவதுதான் அவள் தொழில். ஒரு காபரேட்டரோடு நாலு மாதமாக மல்லுக்கட்டும் மனிதரை இன்றுதான் பார்க்கிறாள். இதை நாமே சரிப்படுத்திக் கொடுத்தால், விமானமும் பறந்துவிடும், அதோடு சத்தமும் தொலைந்துவிடும் என்று மனம் கணக்குப் போட்டது.

“தள்ளுங்க, நான் பாக்கிறன். ஆனா சரிவந்தா நாளையில இருந்து வட்டைப் பக்கம், வயல்வெளிக்குள்ள கொண்டுபோய்த்தான் பறக்க விடவேணும். இங்க வேணாம்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஸ்குரூ டிரைவரை நீட்டினார்.

நோய் உடனே பிடிபட்டது. காபரேட்டரைப் பூட்டிய இரண்டு ஆணிகளில் ஒன்று அரைகுறையாக நின்றது. அதற்கடியில் காற்றுப் புகாமல் அடைக்கும் பெக்கிங் கிழிந்து, அந்த வழியால் காற்று இழுத்தது. தடித்த மட்டை ஒன்றில் புதுப் பெக்கிங் வெட்டிப் போட்டாள். ஆணிகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். பெற்றோல் தாங்கி தாழ்வாகக் கிடந்தது, பலகைத்துண்டு ஒன்றை அடியில் கொடுத்து காபரேட்டர் மட்டத்துக்கு உயர்த்தினாள். பெற்றோலைக் கட்டுப்படுத்தும் ஊசியை முற்றாக மூடி, பிறகு ஒன்றரைச் சுற்றுத் திறந்தாள்.

காற்றாடியில் கை வைக்குமுன் வேலிப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, பயப்பிடாதீங்க. நான்தான் ஸ்டார்ட் பண்ணுறன்.”

மூன்றாவது தட்டில் பிடித்துக்கொண்டது. ஊசியை மெல்ல மெல்ல மூட, இரைச்சல் கூர்மையாகி உச்சிக்கு ஏறியது. அங்கே விட்டால் மேலே ஏறும்போது பெற்றோல் காணாமல் அணைந்துவிடும். கால் சுற்றுத் திருப்பித் திறந்துவிட்டாள். பறப்பில் நிற்குமா என்று பார்க்க, மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கினாள். எஞ்சின் ஒரு சொட்டும் தளரவில்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. தன் கைராசியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

மூக்கைத் தூக்கியதில் சாக்கு சரிந்து விழுந்தது.

அதற்குள் செட்டை இல்லை. வாலும் இல்லை. எஞ்சினைப் பூட்டிய வெறும் பலகை.

திகைத்துப்போய் அவரைப் பார்த்தாள். சேர்ட் முழுக்க வியர்வையில் ஊறி, முகம் வெளிறிப்போய் நின்றார். கையை நீட்டி, ஊசியைப் பிடித்து, ஒரே திருகில் மூடினார்.

எல்லாம் அடங்கியது. மாமரத்தில் காகம் கத்துவதுகூடக் கேட்டது. அவர் நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் மெல்ல இரத்தம் ஊறி வந்தது.

“அண்ணன், செட்டை எங்க?”

“செய்யல்ல. செய்யப்போறதும் இல்ல.”

“அப்ப இது என்னத்துக்கு?”

அவர் ஊசியிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“எனக்கு அப்ப ஒன்பது வயசு. மாதாவே நிப்பாட்டு, நிப்பாட்டு எண்டு பங்கருக்குள்ள கிடந்து அழுவன். மேல போன பிளேனை ஆரால நிப்பாட்ட ஏலும் தங்கச்சி? இது மட்டும் என்ட விரலுக்கு நிக்குது. ஆனா தானா நிண்டா எனக்குச் சரிவராது, நான்தான் நிப்பாட்டவேணும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது. கட்டிலுக்குக் கீழே இருக்கவேண்டிய அம்மா, வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் அதைப் பார்த்தார்.

“நாளைக்கு ஐஞ்சு மணிக்கு அம்மாவையும் கூட்டி வாங்க தங்கச்சி” என்றார். “ஊசியை அவ மூடட்டும்.”