மேலே வந்த ஊர்

கம்ப்யூட்டர் திரையில் தேன்பாறைக்கு நேராகப் பூஜ்யம் என்று வந்ததைப் பார்த்த பிறகுதான் ஷைனிக்கு மூச்சே வந்தது. "மாதாவே, காப்பாத்திட்ட" என்று கழுத்திலிருந்த சிலுவையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கீழ இன்னா பாக்குற? மேல எந்த ஊரு நிக்குது?" நாற்காலிக்குப் பின்னால் நின்ற டாக்டர் விஜயலட்சுமி அவசரப்படுத்தினார்.

"வேங்கைப்பட்டு மேடம்." ஷைனி பட்டியலின் உச்சிக்குப் போய்ப் படித்தாள்.

கல்வராயன் மலை ஊர்களில் சின்னச் சின்ன கிளினிக்குகள் நடத்தும் தொண்டு நிறுவனம் அது. மலையில் நர்ஸுகள் ஏற்றும் நோயாளிப் பதிவெல்லாம் கள்ளக்குறிச்சி ஆபீசில் ஷைனியின் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். வாரா வாரம் அகரவரிசையில் ஒரு ரிப்போர்ட் எடுத்து மேசையில் வைப்பாள். அதை யாரும் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அன்று காலையில்தான், புதிதாக வந்திருந்த டாக்டர் விஜயலட்சுமி வெளிறிய முகத்தோடு உள்ளே நுழைந்தார். "மலையில ஜொரத்துல ஜனங்க சாவுதுன்னு பஸ்ஸுல பேசிக்கினு வராங்க. எந்த ஊருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. ஜொரம், வாந்தி, மயக்கம் மூணையும் கூட்டி, கிளினிக் வாரியா மொத்தம் போடு ஷைனி. ஜாஸ்தி இருக்கிறது மேல வரட்டும், கம்மி கீழ போகட்டும்."

கேட்டதுமே ஷைனிக்குத் தேன்பாறை நினைவுதான் வந்தது. அவள் கணவன் பிரிட்டோ தேன்பாறைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சனிக்கிழமை தவறாமல் மலை இறங்கி வருபவன் இந்த வாரம் வரவில்லை. "பசங்க சரியா ஸ்கூலுக்கு வரல ஷைனி. வூடு வூடா போய் இட்டாரணும், அடுத்த வாரம் வரேன்" என்று பாறைமேல் ஏறி, சிக்னல் பிடித்துச் சொன்னதோடு சரி. அப்புறம் போனே கிடைக்கவில்லை.

இப்போது திரையில் வேங்கைப்பட்டின் மொத்தம் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மற்ற ஊர்களை எல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் அதன் பக்கத்தில் வராது. டாக்டர் குனிந்து ஒரு தரம் பார்த்தார். "ஜீப்பை எடுக்கச் சொல்லு."

"நானும் வரேன் மேடம். எங்க வூட்டுக்காரரு தேன்பாறையில இருக்காரு."

"அந்த ஊர்லதான் ஒண்ணும் இல்லியேம்மா?"

"இன்னிக்கு இல்ல மேடம். வேங்கைப்பட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஓடைதான். ஜொரம் ஓடையைத் தாண்டி வர்றதுக்குள்ள அவரைக் கீழ இட்டாந்துடணும்."

கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் மலையேறியது. எதிரே ஒரு பஸ் இறங்கி வந்தபோது, பிரிட்டோ இருக்கிறானா என்று ஜன்னல் ஜன்னலாகத் தேடினாள். இல்லை.

"முகத்தை மூடிக்கோ. எதையும் தொடாத, யார் வூட்லயும் தண்ணி வாங்கிக் குடிக்காத" என்று டாக்டர் மாஸ்க்கை நீட்டினார். வேங்கைப்பட்டில் எத்தனை பாடைகள் கிடக்குமோ என்று ஷைனி கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணைத் திறந்தபோது ஜீப் நின்றிருந்தது. வாசலில் இரண்டு பெண்கள் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி எதையோ சொல்ல, மற்றவள் சிரித்தாள். ஜீப்பைக் கண்டதும் பொடிசுகள் கூச்சலோடு ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. ஒன்றுக்குக்கூட முகத்தில் வாட்டம் இல்லை.

டாக்டரும் ஷைனியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கில்தான் எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் போலிருக்கிறது. வேலை போனாலும் போகட்டும் என்று ஷைனிக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட எழுந்தது.

அதற்குள் கிளினிக்கிலிருந்து நர்ஸ் பெரியநாயகி ஓடிவந்தாள். தூக்கமில்லாத கண்கள், தலை வாரிப் பல நாள் ஆகியிருக்கும். "வந்துட்டீங்களா டாக்டரம்மா! போன் போட்டுப் போட்டு ஓஞ்சி போயிட்டேன். லைனே போவல, பதிவு மட்டும்தான் எப்பிடியோ ஏறுது."

"இந்த ஊர்ல எத்தினி பேருக்கும்மா ஜொரம்?"

"இந்த ஊர்ல யாருக்கும் இல்லீங்க."

"பின்ன, நீ ஏத்தின பதிவெல்லாம்?"

"எல்லாம் ஓடைக்கு அந்தாண்டருந்து தூக்கியாந்தவங்க. அந்த ஊரு நர்ஸம்மாதான் மொதல்ல படுத்தாங்க. பதிவு போட அங்க ஆளே இல்ல."

ஷைனி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எந்த ஊரு?" என்று அவள் கேட்டது அவளுக்கே கேட்கவில்லை.

அவள் யார் என்று பெரியநாயகிக்குத் தெரியாது. டாக்டரின் கைப்பையை வாங்கிக்கொண்டு, கிளினிக் பக்கம் விறுவிறுவென்று நடந்தபடியே சொன்னாள்:

"சீக்கிரம் வாங்க டாக்டரம்மா, தேன்பாறை வாத்தியாருக்கு இன்னும் மூச்சு இருக்குது."