அடைத்து வைத்த எண்ணெய்

தலைக்கு மேலே, டிப்பர் லாரியின் தொட்டி ஒரு விரற்கடை இறங்கியது.

நின்றது.

அவன் மூச்சை அடக்கினான்.

மல்லாந்து கிடந்தவனின் கையில் ஸ்பேனர். ஸ்பேனரின் வாயில், வால்வு பிளாக்கின் அடைப்புத் திருகு. அது அரைச் சுற்று கழன்றிருந்தது. அதன் ஓரத்திலிருந்து எண்ணெய் ஊசியாகச் சீறி, காதைத் தாண்டிப் போனது.

வால்வு பிளாக், செங்கல் அளவு இரும்பு. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளைகள். தொட்டியைத் தூக்கும் ஜாக்கிக்கு எண்ணெயை அனுப்புவதும், தூக்கியது இறங்காமல் அடைத்து வைப்பதும் அதுதான்.

இன்ஜின் அணைந்திருந்தது. அழுத்தமும் அணைந்துவிட்டதென்று நினைத்திருந்தான்.

தொட்டியின் மொத்த எடையும் அந்த எண்ணெயின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

திரும்ப இறுக்க வேண்டும்.

எந்தப் பக்கம்?

வருஷக்கணக்காகத் திருகிய கை. இப்போது வலமும் இடமும் பிடிபடவில்லை. தவறான பக்கம் கொஞ்சம் திரும்பினாலும் போதும். விட்டுவிட்டு உருளலாமென்றால், விட்டதும் திருகு தெறித்துவிடும் என்று தோன்றியது.

இன்னொரு விரற்கடை.

முட்டுக் கொடுக்காமல் யாரும் அடியில் போவதில்லை. பட்டறையில் இருந்தது ஒரே முட்டுக்கம்பி. அது அடுத்த லாரியருகே, மாரப்பன் பக்கத்தில் சும்மா கிடந்தது. டீக்கடையில் ஏதோ ஒரு வார்த்தை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பான்.

"முருகா" என்றுதான் வாயைத் திறந்தான்.

"மாரப்பா" என்று வந்தது.

அவன் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் பக்கத்தில் சுத்தியல் சத்தம் நின்றது.

இரும்பு தரையில் இழுபடும் ஓசை. பிறகு மாரப்பனின் தலை, தோள், இடுப்பு. முழு உடம்பும் தொட்டிக்கு அடியில். முட்டுக்கம்பி நிமிர்ந்தது. தொட்டி முனகிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தது.

இனி இறங்காது.

"வாயத் தொறந்து கேட்டா முத்து உதுந்து போயிருமாக்கும்" என்றான் மாரப்பன். "வாப்பா வெளிய."

வர முடியவில்லை. விரல்கள் ஸ்பேனரை விடவில்லை.

மாரப்பன் அதைப் பார்த்தான். வெளியே போகவில்லை. எண்ணெய்ச் சேற்றில் அவனருகே மல்லாந்து படுத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான்.

சுண்டுவிரல் வந்தது. அதற்கடுத்த விரலும் வந்தது.

நடுவிரலில் வேலை நின்றுவிட்டது.

பிரித்துக்கொண்டிருந்த மாரப்பனின் கை நடுங்கியது.

விடுபட்ட அந்த இரண்டு விரல்களால், அவன் அந்தக் கையைப் பற்றிக்கொண்டான்.