பக்கத்தில் மாட்ட ஒரு படம்

சேலை முழங்காலுக்கு மேலே ஏறியது தெரியாமல் மேம்பாலத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த அஞ்சலையை, வீடற்றவர்களைப் பற்றிய கல்லூரிப் புகைப்படக் கண்காட்சிக்காகப் பிரதீபா படமெடுத்தாள். கேமரா சத்தத்தில் அஞ்சலை விழித்துக்கொண்டாள்.

"ஏம் பாப்பா, கதவு இல்லேன்னா கேக்காம எடுத்துடுவியா?"

"அழிச்சிடறேன்க்கா."

"அழிக்காத. வச்சுக்கோ. ஒங்கம்மா தூங்கறதையும் இதே மாதிரி எடுத்துனு வா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டு. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. ஊரே வந்து பாக்கட்டும்."

அந்த ரோஷம் பிரதீபாவுக்கும் தொற்றிக்கொண்டது. எடுத்தே காட்டுவது என்று வீட்டுக்குப் போனாள். மதியச் சாப்பாடு முடிந்து அம்மா சோபாவில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிரதீபா கேமராவை உயர்த்தினாள். அம்மாவின் நைட்டி முழங்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அதை இழுத்துவிட்டு எடுக்கலாம் என்று அவள் கை தானாக நீண்டது. பாதி வழியில் அப்படியே நின்றது.