வாடாத இலை

கமிய் எண்ட பிரெஞ்சுக் கலைஞர் பாரிஸ் லாச்சப்பலிலை இருக்கிற எங்கட சாப்பாட்டுக் கடையிலை சாப்பிட்டுப்போட்டு, வாழையிலையையும் கழுவித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனா.

மூண்டு மாசத்தாலை அவவின்ரை கண்காட்சி. முதலாளி பொன்னம்பலம் அண்ணையும் பரிமாறுற கொறற்றி எண்ட நானும் போனம். கண்ணாடிப் பெட்டிக்குள்ளை எங்கட இலை, அதிலை பத்து வயர்.

"என்ரை பாசிச்சாறு பூசினது. இன்னும் வாடேல்லை!" எண்டார் அவவோடை சேர்ந்த விஞ்ஞானி.

"இது இலையின்ரை மூச்சு," எண்டு வயருகளுக்குப் பக்கத்திலை இருந்த கம்ப்யூட்டர்காரன் ஸ்பீக்கரிலை ஒரு முனகலைப் போட்டுவிட்டான்.

சனம் கண்ணைத் துடைச்சுது. எங்கட நண்டுக்கறிக்கும் இப்பிடி அழுததில்லை.

"இனி உலகத்துக்குப் பிளாஸ்டிக்கே தேவையில்லை!" எண்டா கமிய்.

"அண்ணை, பாவங்கள். உண்மையைச் சொல்லுவமே?"

"வாயைப் பொத்து, கொறற்றி. இன்னும் ஐம்பது இலை கேட்டிருக்கினம்."

அடுத்தநாள் கமிய் கடைக்கு வந்தா. அண்ணை இலைகளை ஒரு பையிலை போட, பதறிப்போனா.

"ஐயோ, பிளாஸ்டிக் பையோ? நாங்கள் அதைக் கையாலையும் தொடமாட்டம்!"

இலைகளை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு வெளிக்கிட்டா.

அண்ணை இலைப்பெட்டியைக் காலாலை மேசைக்குக் கீழை தள்ளினார். அதிலை கொட்டை எழுத்திலை இருந்தது: 'வாழையிலை வடிவம். நூறு வீதம் பிளாஸ்டிக். கழுவிக் கழுவிப் பாவிக்கலாம்.'