பாண்டுரங்கன் கடை ஹெல்மெட்

"மோவாயைத் தூக்குப்பா. இன்ஜினியர் மாதிரி பாரு" என்றார் பாண்டுரங்கன்.

இன்ஜினியர் எப்படிப் பார்ப்பான் என்று மகாராஜாவுக்குத் தெரியாதா? டிராலி தள்ளிக்கொண்டு எதிரே போனால், ஆளை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பான். மகாராஜாவும் ரீசார்ஜ் கடைச் சுவரைப் பார்த்தான்.

பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது.

தலையில் வெள்ளை ஹெல்மெட். கம்பெனிக்குள் வெள்ளை இன்ஜினியர்களுக்கு மட்டும்தான். மகாராஜா மாதிரி கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். விட்டாலும், எந்த மகராசன் வெள்ளையைக் கழற்றிக் கையில் கொடுப்பான்?

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒரகடம் கூட்டுரோட்டில் பாண்டுரங்கன் அவதாரம் எடுத்திருந்தார். ரீசார்ஜ் செய்வார், ஜெராக்ஸ் எடுப்பார், ஃபேஸ்புக் கணக்கு திறந்து கொடுப்பார். கணக்கு திறந்தால் போட்டோவுக்கு ஹெல்மெட் இனாம்.

எங்கேயோ விழுந்து விரிசல் விட்ட ஹெல்மெட் அது. விரிசலை மறைக்க நெற்றியில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர். உள்ளே ஊர்ப்பட்ட வேர்வை நாற்றம். மாட்டும்போது ஏதோ சுருக்கென்று குத்தியது. துழாவி எடுத்தால், பெண்கள் தலையில் குத்தும் ஸ்லைடு. கண்றாவி என்று மூலையில் விட்டெறிந்தான்.

அவனுக்கு ஃபேஸ்புக் ஆசையெல்லாம் கிடையாது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பெண் அமைந்திருந்தது. பெயர் மாரிசெல்வி. இங்கேதான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஆபீசராம். தரகர் அளந்த அளப்பில் மகாராஜாவும் இன்ஜினியர் ஆகியிருந்தான். பெண் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "மாப்பிள்ளை ஃபேஸ்புக்ல இருக்காரா?" பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வாளாம்.

கான்ட்ராக்ட் என்ற ஒரே வார்த்தையில் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தாங்கமாட்டான். தரகர் கொடுத்த அவள் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பாண்டுரங்கன் இரண்டே விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறந்த தேதியைக் கேட்கவே இல்லை. யார் வந்தாலும் ஜனவரி ஒன்றுதான். அவர் கணக்கில் ஒரகடத்துக்கே ஒரே நாளில் பிரசவம்.

படிப்பு என்ற இடத்தில் பி.இ. என்று அவராகவே போட்டார். ஊரில் பிள்ளைகள் அரியர் மேல் அரியர் வைத்து அழுது வாங்குகிற பட்டம், மகாராஜாவுக்கு உட்கார்ந்த இடத்தில் கிடைத்துவிட்டது.

கணக்கு திறந்தது. உனக்குத் தெரிந்தவர்களா பார் என்று திரை ஒரு வரிசையைக் கொண்டுவந்து நிறுத்தியது.

வெள்ளை ஹெல்மெட்டில் மாசானம். அறையில் இவனுக்குப் பக்கத்துப் பாய்.

வெள்ளை ஹெல்மெட்டில் பெருமாள்சாமி. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவர்.

வெள்ளை ஹெல்மெட்டில் கேட் செக்யூரிட்டி.

எல்லார் நெற்றியிலும் அதே பிள்ளையார். எல்லாரும் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகாராஜா விழுந்து விழுந்து சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. இந்த வரிசை அவள் கண்ணில் பட்டால்?

"அண்ணே, அந்த போட்டோவ எடுத்துருங்கண்ணே. வெறுந்தலையோட இருந்துட்டுப் போறேன்."

"இன்னாப்பா இப்ப சொல்ற? நீ சொன்ன பொண்ணுக்கு ரிக்வெஸ்ட் பூட்ச்சி. அதுவும் அக்செப்ட் பண்ணிக்கீது, பாரு."

மாரிசெல்வி என்ற பெயர். பெயருக்கு மேலே முகம் இல்லை, ஒரு ரோஜாப்பூ. பக்கத்தில் பச்சைப் புள்ளி. அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். அவமானத்தில் காது சுட்டது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

டிங் என்றது கம்ப்யூட்டர்.

ஆங்கில எழுத்தில் தமிழ். எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"பிள்ளையார பாத்ததுமே தெரிஞ்சிட்டு. நேத்து நானும் அதே ஹெல்மெட்ட மாட்டித்தான் போட்டோ எடுத்தேன். போட மனசு வரல, ரோஜாப்பூவ வச்சிட்டேன். நான் ஆபீசரும் இல்ல, கான்ட்ராக்ட்ல அசெம்பிளி லைன்லதான் நிக்கேன்."

மகாராஜா மறுபடி முதலிலிருந்து படித்தான். அடிப்பாவி என்று வாய்விட்டுச் சொன்னான். சொல்லும்போதே சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எதுவோ இறங்கிப் போயிருந்தது.

மறுபடியும் டிங்.

"உள்ள என் ஸ்லைடு ஒண்ணு மாட்டிக்கிட்டு. கெடச்சா பத்திரமா வைங்க. ஞாயித்துக்கிழம வந்து வாங்கிக்கிடுதேன்."

"இன்னாப்பா எழுதிக்கீது?" என்று பாண்டுரங்கன் திரும்பினார். நாற்காலியில் ஆள் இல்லை.

பி.இ. பட்டதாரி மகாராஜா வெள்ளை ஹெல்மெட்டோடு தரையில் குப்புறப் படுத்து, மூலையில் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.